நின்ற வேனில் ஓடிய புள்ளி

பல் டாக்டரின் நாற்காலியைத் திருடிக்கொண்டு போகிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஹாலில் போட்டு டி.வி. பார்ப்பானா? வருகிற விருந்தாளியை உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்வானா?

"எங்க மாமாவா இருந்தா அதுல படுத்துத் தூங்குவாரு பாஸ்," என்றாள் சரவெடி, ஸ்கூட்டரை கூரியர் கம்பெனியின் கேட்டுக்குள் திருப்பியபடி. "சாய்மானமா எது கிடைச்சாலும் தூங்குவாரு. ஆனா திருட மாட்டாரு. திருடணும்னா முழிச்சிருக்கணுமே."

பின்சீட்டிலிருந்து நிதானம் இறங்க ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்பதுதான் சரியான வார்த்தை. முதலில் ஒரு கால், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு மறுகால். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அவை எப்படி நசுங்கின என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு உதவியாளருடன் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவர். பெற்றோர் வைத்த பெயரை இப்போது வரி கட்டும்போது மட்டும் உபயோகிக்கிறார். மற்ற நேரங்களில் நிதானம்தான்.

உதவியாளர் சரவெடி. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு இடைவெளி கிடைத்தால்தானே?

கேஸ் அவளுடைய அக்கா புருஷனுடையது. ஊருக்குப் புதிது, வேலைக்கும் புதிது. முந்தாநாள் சாயங்காலம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் புத்தம்புது நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கொடுத்துவிட்டேன் என்கிறார் அவர். வரவேயில்லை என்கிறார் டாக்டர்.

"ஆறு மணி," என்றார் கம்பெனி முதலாளி, அவர்கள் உட்காருவதற்கு முன்பே. "ஆறு மணிக்கு நாற்காலி வந்துட்டா நான் என் வீட்டுக்குப் போவேன். வரலைன்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். இவனையும் கூட்டிக்கிட்டு."

'இவன்' சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பீரோவுக்குச் சட்டை போட்டது போன்ற உடம்பு. அடி வாங்கின குழந்தை போன்ற முகம்.

"நாற்காலியை நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"சரி சார்."

"மாமா!" என்று அலறினாள் சரவெடி.

"ஐயோ, இல்ல சார்! எடுக்கல சார். யாராவது எதையாவது கேட்டா 'சரி'ன்னு வந்துடுது. பழக்க தோஷம்."

"எங்க அக்காகூட வாழறாரு பாஸ்," என்றாள் சரவெடி. "வேற வார்த்தை அந்த வீட்டுல செல்லாது."

டிரைவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நேத்து முதலாளி என் வீட்டுக்கே போன் போட்டுட்டாரு சார். 'உன் புருஷன் திருடன்'னு அவகிட்டச் சொல்லிட்டாரு. அதுல இருந்து அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திட்டக்கூட இல்ல சார். திட்டினா பரவாயில்லன்னு இருக்கு."

 சரவெடி தன் கைக்குட்டையை அவரிடம் நீட்டினாள்.

முதலாளி கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஊரின் வரைபடம். அதில் ஒரு பச்சைக் கோடு.

"பேச்செல்லாம் எதுக்கு? இதைப் பாருங்க. போன்ல வழி காட்டறதுக்குப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் வெளியில வாங்கினேன். போன்லயே வர்ற மேப் இருக்கே, அது நெட்டைக் குடிக்குது. இதுக்கு நெட்டே வேண்டாம், ஊர் மொத்தமும் ஒரு சின்ன கார்டுக்குள்ள இருக்கு. முந்தாநாள்தான் சோதனைக்கு இவன் போன்ல மட்டும் போட்டோம். வண்டி எந்த வழியில போச்சுன்னு அதுவே எழுதி வெச்சுக்கும்."

பச்சைக் கோடு கம்பெனி கேட்டில் ஆரம்பித்து மெயின் ரோட்டில் நேராகப் போய், இடதுபுறம் திரும்பி, ஒரு பாலம் ஏறி இறங்கி, இன்னும் இரண்டு முறை திரும்பி, ஒரு வட்டத்தைச் சுற்றி, பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கோணல் இல்லை, தயக்கம் இல்லை. ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி இருந்தது.

"வண்டி வாசல் வரைக்கும் போயிருக்கு. நாற்காலி உள்ள போகல. அதுவா எறங்கி நடந்து போச்சா?" என்றார் முதலாளி.

நிதானம் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். "நீங்க எங்க எறக்கினீங்க?"

"கண்ணாடிக் கதவு சார், போர்டை நிமிர்ந்து பார்க்கல. உள்ள வெள்ளைக் கோட் போட்ட ஒரு அம்மா. 'அப்பாடா, இப்பவாவது வந்துச்சே, அந்த மூலையில போடுங்க'ன்னாங்க. போட்டேன். ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்தாங்க. குடிச்சேன். கையெழுத்து வாங்க மறந்துட்டு வந்துட்டேன்."

"டாக்டர் வரலைன்னு சொன்னதும் அங்க திரும்பப் போய்ப் பார்த்தீங்களா?"

"நேத்துக் காலையில போனேன் சார். அதே சாஃப்ட்வேர், அதே அட்ரஸ். அந்தம்மா சொன்னபடியேதான் போனேன்."

"எந்த அம்மா?"

"போனுக்குள்ள பேசற அம்மா."

"போய்ச் சேர்ந்தது?"

டிரைவரின் குரல் இறங்கியது. "மீன் மார்க்கெட்."

முதலாளி மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா? முந்தாநாள் கண்ணாடிக் கதவு, நேத்து மீன்! பொய் சொல்றதுலகூட ஒரு ஒழுங்கில்ல!"

"அதுதான் எனக்கும் பிடிச்சிருக்கு," என்றார் நிதானம், எழுந்தபடி.

வெளியே வந்ததும் சரவெடி கேட்டாள். "என்ன பிடிச்சிருக்கு பாஸ்? மீனா?"

"ஒழுங்கில்லாதது. திருடினவன் ஒரு பொய்யைத் தயார் பண்ணுவான். அதையே பத்துப் பேர்கிட்டயும் சொல்லுவான். நாற்காலியைத் தேடிப் போய் மீன் மார்க்கெட்ல நின்னேன்னு எவனும் பொய் சொல்ல மாட்டான். அவ்வளவு கேவலமா இருக்கறது உண்மையாத்தான் இருக்கணும்."

"எங்க குடும்பத்தைப் பத்தி இவ்வளவு நல்லபடியா யாரும் சொன்னதில்ல பாஸ்."

"டாக்டரைப் பார்ப்போம்."

நேர்வழியாகப் போகாமல், அவள் ஏதேதோ சந்துகளில் புகுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்ததுமே 'கொர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். சரவெடி சட்டென்று தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. அது நான் இல்ல," என்றார் பல் டாக்டர். ஒல்லியான மனிதர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் முகத்தைப் பார்க்காமல் உள்ளே பார்க்கிற பழக்கம் அவருக்கு.

அறையில் அலமாரி இருந்தது, குழாய் இருந்தது, பளபளக்கும் கருவிகள் வரிசையாக இருந்தன. நடுவில், தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் காத்துக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"நாளைக்கு முதல் பேஷன்ட் வராங்க. இதுல உட்கார வெச்சு, தலையை என் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் பல் புடுங்கட்டுமா?" என்று பொருமினார் டாக்டர்.

"முந்தாநாள் சாயங்காலம் இங்க வேன் எதுவும் வரலையா?"

"வேனா? ஒரு சைக்கிள்கூட வரல சார். எப்படி வரும்?"

மறுபடியும் 'கொர்ர்ர்'.

"என்ன சத்தம் டாக்டர் அது?"

டாக்டர் ஜன்னலைத் திறந்து காட்டினார். எதிரே பாலம். அதாவது பாலத்தின் இந்தப் பாதியும் அந்தப் பாதியும். நடுவில் வானம். இரண்டு பக்கத்திலும் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு இயந்திரம் காங்க்ரீட்டைக் குடைந்துகொண்டிருந்தது.

"நான் போர்டு மாட்டின அன்னிக்கே உடைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு மாசமாச்சு. ஊர்ல இருக்கற சொத்தைப் பல்லெல்லாம் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

நிதானம் ஜன்னலோரம் நின்று அந்த நடுவானத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் உதடுகளின் ஓரம் லேசாக ஏறியது. சரவெடி அதைக் கவனித்துவிட்டாள்.

"பாஸ், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போன தடவை நீங்க இப்படிச் சிரிச்சப்போ ஒரு ஆளு ஜெயிலுக்குப் போனான்."

"இந்தத் தடவை ஒரு ஆளு போகாம இருக்கட்டும். வண்டியை எடு."

மறுபடியும் கம்பெனி.

"உங்க வேன் பறக்குமா?" என்று முதலாளியிடம் கேட்டார் நிதானம்.

"என்ன?"

"உங்க பச்சைக் கோடு பாலம் ஏறி இறங்குது. அந்தப் பாலத்துக்கு ஒரு மாசமா நடுப்பகுதி கிடையாது. நாற்காலியோட ஒரு வேன் அதைத் தாண்டிப் போகணும்னா பறக்கணும்."

முதலாளி திரையைப் பார்த்தார். நிதானத்தைப் பார்த்தார். சட்டென்று தேறிக்கொண்டார். "அப்ப இவன் போன்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்!"

"எங்க மாமாவா?" என்றாள் சரவெடி. "அலாரம் வெக்கத் தெரியாதுங்க அவருக்கு. அக்காதான் அலாரம்."

"வேனுக்குப் போவோம்," என்றார் நிதானம்.

வேன் மரத்தடியில் நின்றிருந்தது. பானெட்டின் மேல் ஒரு காக்கை. நிதானம் சாவியைப் பிடுங்கிச் சரவெடியிடம் கொடுத்தார். டிரைவரை அவருடைய சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக முதலாளியும் சரவெடியும் தலையை நீட்டினார்கள்.

"முந்தாநாள் செஞ்ச மாதிரியே செய்யுங்க. அந்த சாஃப்ட்வேரைத் திறங்க. அட்ரஸைப் போடுங்க."

டிரைவர் பெரிய விரல்களால் மெதுவாகத் தட்டினார். திரையில் ஏதோ நாலு வரி வந்தது. யாரும் படிப்பதற்குள் பட்டென்று ஒரு இடத்தில் அழுத்திவிட்டார்.

"இருங்க, இருங்க. இப்ப அது என்ன கேட்டுச்சு?"

"தெரியல சார். ஏதோ கேட்டுச்சு. சரின்னேன்."

"படிக்கலையா?"

"படிச்சுட்டு யாரு சார் சரிங்கறாங்க?"

அதற்குள் போனிலிருந்து ஒரு பெண்குரல் தேனாய் வழிந்தது. 'பயணம் தொடங்குகிறது. நேராகச் செல்லவும்.'

வரைபடத்தில் இருந்த பச்சைப் புள்ளி கம்பெனி கேட்டைத் தாண்டியது. மெயின் ரோட்டில் ஏறியது. ஜம்மென்று ஓடத் தொடங்கியது.

வேன் நின்ற இடத்திலேயே நின்றது. இன்ஜின் உறங்கிக்கொண்டிருந்தது. பானெட்டில் இருந்த காக்கை மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"ஐயோ, நாம போறோம்!" என்றார் டிரைவர், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"மாமா, சாவி எங்கிட்ட இருக்கு."

புள்ளி எந்த சிக்னலிலும் நிற்கவில்லை. ஒரே வேகம். பாலம் வந்தது. இல்லாத பாலத்தின் மேல் சந்தோஷமாக ஏறி இறங்கியது.

"பொறுப்பில்லாத புள்ளி பாஸ். இதுக்கு லைசென்ஸ் யார் கொடுத்தது?"

நிதானம் போனை வாங்கி, சாஃப்ட்வேரை மூடி மறுபடி திறந்தார். அந்த நாலு வரி வந்ததும் டிரைவரின் கையைத் தட்டிவிட்டு, சத்தமாகப் படித்தார். "'ஜி.பி.எஸ். கருவி கிடைக்கவில்லை. வழியை டெமோவாக ஓட்டிக் காட்டலாமா? சரி. வேண்டாம்.'"

 காக்கை பறந்து போனது.

"முந்தாநாள் உங்க வேன் எங்க போச்சுன்னு இந்த சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது," என்றார் நிதானம் முதலாளியிடம். "வேன் எப்படிப் போயிருக்கணும்னு அது ஒரு கனவு கண்டுச்சு. நீங்க அந்தக் கனவை வெச்சு ஒரு ஆளை உள்ள தள்ளப் பார்க்கறீங்க."

"ஆனா போன்ல ஜி.பி.எஸ். இருக்கே?" என்றார் முதலாளி.

நிதானம் போனோடு வந்த மேப்பைத் திறந்தார். நீலப் புள்ளி அந்த மரத்தடியிலேயே கச்சிதமாக நின்றது. "இருக்கு. தான் எங்க நிக்கறோம்னு போனுக்கு நல்லாத் தெரியுது. நீங்க வாங்கின சாஃப்ட்வேர்தான் அதைக் கேட்கல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டும் பேசிக்கறதில்ல."

"எங்க வீடு மாதிரி," என்று முனகினார் டிரைவர்.

நிதானம் சாஃப்ட்வேரின் செட்டிங்கைத் திறந்து எதையோ தேடினார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தார். எதையும் மாற்றாமல் அப்படியே மூடிவிட்டார்.

"கோளாறு எங்கன்னு தெரிஞ்சுதா? அப்ப மாத்துங்களேன்!" என்றார் முதலாளி.

"மாட்டேன். நாற்காலி இருக்கற இடம் அந்தக் கோளாறுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஓட்டும்போது போனை எங்க வெச்சிருந்தீங்க?"

"சட்டைப் பாக்கெட்ல சார். ஸ்டாண்டு கேட்டேன், முதலாளி தரல. அதனால என்ன, அந்தம்மா குரல்தான் கேட்குதே."

"திரையைப் பார்க்கல. குரலை மட்டும் கேட்டீங்க. இடதுன்னா?"

"இடது திரும்பினேன்."

"எந்தத் தெருவுல?"

"அந்தம்மா சொன்னப்போ எந்தத் தெரு இருந்துச்சோ அதுல."

சரவெடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாமா, அது நிக்காம ஓடுற புள்ளி! நீங்க சிக்னல்ல நின்னுக்கிட்டிருக்கும்போது அது நாலு தெரு தாண்டிப் போயிருக்கும்!"

"பாலம் ஏறச் சொன்னப்போ என்ன பண்ணீங்க?" என்றார் நிதானம்.

"பாலத்தைக் காணோம் சார். ஒரு பெரிய வேகத்தடை இருந்துச்சு. இதைத்தான் சொல்றாங்க போலிருக்குன்னு ஏறி இறங்கிட்டேன்."

"ரவுண்டானா?"

"நடுரோட்ல ஒரு தண்ணி லாரி நின்னுது. அதைச் சுத்தினேன்."

"எங்க அக்கா சொல்றதைக்கூட நீங்க இப்படிக் கேட்டதில்லையே மாமா!"

"அவ இவ்ளோ மரியாதையாச் சொன்னதில்லையேம்மா."

நிதானம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "முந்தாநாள் எப்பக் கிளம்பினீங்க?"

"எதிர்ல ஸ்கூல் விட்டாங்க சார். பெல் அடிக்கவும் நான் கேட்டைத் தாண்டவும் சரியா இருந்துச்சு."

"நேத்துக் காலையில கிளம்பினீங்க, மீன் மார்க்கெட். அதே அட்ரஸ், அதே குரல். மாறினது டிராஃபிக் மட்டும். ஸ்கூல் விடற நேரத்துல ரோடு தினமும் ஒரே மாதிரிதான் அடைச்சுக்கும். அதே பெல்லுக்குக் கிளம்பி, அதே குரலைக் கேட்டு, அதே முட்டாள்தனத்தைச் செஞ்சா..."

"அதே கண்ணாடிக் கதவு!" என்றாள் சரவெடி.

"பெல் அடிச்சா எழுப்பு," என்று சொல்லிவிட்டு நிதானம் சீட்டில் சாய்ந்தார். அடுத்த நிமிஷம் குறட்டை வந்தது. முதலாளி வாட்சைப் பார்த்தார். டிரைவர் சாமி கும்பிடுவது போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். சரவெடி நகத்தைக் கடித்தாள். ஒரு கை முடிந்து மறு கைக்கு வந்தபோது எதிரில் பெல் அடித்தது.

"பாஸ்!"

"தூங்கல. போகலாம்."

முதலாளியும் வருவேன் என்று அடம்பிடித்தார். ஓடிப்போய்விட்டால்? முன்னால் இடமில்லாததால் அவரும் சரவெடியும் பின்னால், நாற்காலி இருந்த இடத்தில், ஒரு கோணி மேல் உட்கார்ந்தார்கள். டிரைவர் அட்ரஸைப் போட்டார், வழக்கம்போல் படிக்காமல் 'சரி' என்றார், போனைப் பாக்கெட்டில் போட்டார், கிளம்பினார்.

ரோடு முழுக்கப் புத்தகப் பைகள். ஒரு பஸ் குறுக்கே நின்றது. வேன் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. டிரைவரின் நெஞ்சுக்குள்ளிருந்து தேன்குரல் வந்தது. 'இடதுபுறம் திரும்பவும்.'

இடதுபுறம் ஒரு சந்து. அதன் முனையில் சைக்கிள் கடை.

"சார்! இந்த சைக்கிள் கடைதான் சார்! அன்னிக்கும் இதைப் பார்த்தேன்!"

"திரும்புங்க."

சந்து, அதற்குள் ஒரு சந்து, அதற்குள் காயப்போட்ட துணிகள். 'பாலத்தின் மேல் ஏறவும்.' அதே விநாடி வேன் மலை போன்ற ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்தது. பின்னால் முதலாளியின் தலை கூரையில் இடித்தது.

"பாலம் வந்துடுச்சு சார்," என்று அறிவித்தாள் சரவெடி.

இன்னும் இரண்டு திருப்பம். அகலமான ஒரு தெரு. 'சுற்றுவட்டத்தைச் சுற்றி, வந்த திசையிலேயே திரும்பவும்.'

டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார். முன்னால் வெறும் ரோடு. "சார், தண்ணி லாரி இல்ல."

"ஓரமா நிறுத்துங்க."

'நீங்கள் சேர வேண்டிய இடம் வலதுபுறம் உள்ளது. பயணம் முடிந்தது.'

எல்லோரும் வலதுபுறம் பார்த்தார்கள். நீளமான காம்பவுண்ட் சுவர். 'விளம்பரம் செய்யாதீர்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த எழுத்தின் மேலேயே விளம்பரம் ஒட்டியிருந்தது. கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

முதலாளி பின்கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "சுவர்! கண்ணாடிக் கதவை முழுங்கிட்டு சுவர் நிக்குதா? போதும் உங்க வித்தை!" அவர் போனை எடுத்தார். "ஆறு மணி வரைக்கும் எதுக்கு? ஸ்டேஷனுக்கு இப்பவே சொல்றேன்."

டிரைவர் இறங்கி வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பீரோ சரிவது போலத் தோள்கள் சரிந்தன. "விடுங்க சார். போலீஸ் வந்தா போறேன். நான் எடுக்கலைன்னு அவகிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

சரவெடி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  

நிதானம் இறங்கினார். ஒரு கால், ஒரு பெருமூச்சு, மறுகால். நடுரோட்டுக்குப் போய்க் குனிந்து தரையைப் பார்த்தார். அங்கே தார் மட்டும் கறுத்து, பாசி பிடித்திருந்தது. தினமும் நின்று சொட்டுகிற இடம்.

"தண்ணி லாரி இன்னிக்கு லீவு," என்றார். "அன்னிக்கு நீங்க அதைச் சுத்தினீங்க இல்ல? சுத்தினதும் உங்க வேன் எந்தப் பக்கம் பார்த்து நின்னுது?"

"வந்த பக்கமே திரும்பி..."

டிரைவர் பாதியில் நிறுத்தினார்.

"இன்னிக்கு நாம சுத்தல," என்றார் நிதானம். "அன்னிக்கு உங்களுக்கு வலதா இருந்தது, இன்னிக்கு..."

நாலு பேரும் ஒரே சமயத்தில் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

தெருவின் மறுபக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு, சாயங்கால வெயிலில் கண் சிமிட்டியது. மேலே ரோஜா நிறத்தில் பலகை. பெண்கள் அழகு நிலையம்.

உள்ளே வெள்ளைக் கோட் அணிந்த அம்மாள் ஒருத்தி, கோட் முழுக்கச் சந்தன நிறக் குழம்புத் தீற்றல்களுடன் நின்றாள். மூலையில் நாற்காலி. அதில் ஒரு வாடிக்கையாளர், முகம் முழுக்கப் பூச்சு, கண்களில் வெள்ளரி வில்லைகள். டாக்டர் வாயைப் பார்க்க வேண்டிய விளக்கு அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்ப வேண்டிய கிண்ணத்தில் ஃபேஸ் பேக் கலக்கி வைத்திருந்தார்கள்.

"அட, தண்ணி குடிச்சுட்டுப் போன டிரைவர் தம்பி!" என்றாள் பார்லர்க்கார அம்மாள். "ஒரு நாற்காலிக்கு ஆர்டர் கொடுத்துட்டு மாசக்கணக்கா காத்திருந்தேன். கடைசியில நான் கேட்டதைவிட ஒசத்தியா அனுப்பியிருக்காங்க. ரொம்ப நாள் காக்க வெச்சோமேன்னு வெட்கப்பட்டு அனுப்பினாங்க போலன்னு நினைச்சேன். ஒரே ஒரு குறைதான். இதுல படுக்கறவங்க எல்லாரும் ஏனோ தெரியல, தானாவே வாயைத் திறந்துடறாங்க."

நாற்காலியில் இருந்தவர் ஆமோதிக்க முயன்றார். முடியவில்லை. வாய் திறந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்காலியைத் தருவதாக ஒப்புக்கொண்டாள். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "பேக் காயற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். போலீஸ் வந்தாலும் சரி," என்று வாயை அசைக்காமல் சொன்னார்.

முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். "அப்பாடா! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. யார் மேலயும் தப்பில்ல. சாஃப்ட்வேர் கோளாறு."

"கோளாறு சாஃப்ட்வேர்ல இல்ல," என்றார் நிதானம். டிரைவரின் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, முன்பு விரல் நின்ற அந்த வரியைக் காட்டினார். "'இருப்பிடத்தை எங்கிருந்து பெற வேண்டும்?' அதுக்கு நேரா 'வெளிக் கருவி'ன்னு இருக்கு. தனியா ஒரு ஜி.பி.எஸ். கருவியைப் பக்கத்துல வெச்சாத்தான் இது வேலை செய்யும். கூடவே கொடுத்திருப்பாங்களே, எங்க?"

முதலாளி கண்ணாடியில் தன் முகத்தை ஆராய்ந்தார். "அது வந்து... அதுக்குத் தனி விலை சொன்னான். போன்லயே ஜி.பி.எஸ். இருக்கே, எதுக்கு இன்னொண்ணுன்னு..."

"போன்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அதை சாஃப்ட்வேருக்கு யார் சொல்றது?"

சரவெடி எண்ணினாள். "நெட்டை மிச்சம் பிடிச்சீங்க, கருவியை மிச்சம் பிடிச்சீங்க, ஸ்டாண்டை மிச்சம் பிடிச்சீங்க. எங்க மாமாவை மட்டும் தாராளமா திருடனாக்கிட்டீங்க."

முதலாளி டிரைவரின் தோளில் கை போட்டார். குரலில் வெல்லம். "போனது போகட்டும்ப்பா. நாளைக்கு வேலைக்கு வந்துடு. நடந்ததை ரெண்டு பேரும் மறந்துடலாம். சரியா?"

டிரைவரின் வாய் தானாகத் திறந்தது. சரவெடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இல்ல சார்."

கண்ணைத் திறந்தாள்.

"வேலைக்கு வரேன்," என்றார் டிரைவர் நிதானமாக. "ஆனா மறக்க முடியாது. எந்த வாயால என் வீட்டுக்குப் போன் போட்டுத் திருடன்னு சொன்னீங்களோ, அதே வாயால இப்பப் போன் போட்டு இல்லன்னு சொல்லுங்க. நான் கேட்கணும்."

முதலாளி நிதானத்தைப் பார்த்தார். நிதானம் அந்தச் செட்டிங்கில் மும்முரமாக இருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி எண்களை அழுத்தினார். சரவெடி எட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, நான் கூரியர் கம்பெனி... உங்க வீட்டுக்காரர் திருடல. நாற்காலி கிடைச்சுடுச்சு. தப்பு என்னோடது."

 பிறகு அக்கா ஆரம்பித்தாள். சரவெடி எந்தக் குடும்பத்திலிருந்து வந்தவள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் அப்போது புரிந்தது. அவள் ஒற்றை வெடி. அக்காதான் தொழிற்சாலை. முதலாளி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா... சரிம்மா... சரி," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வியர்வையோடு போனை டிரைவரிடம் நீட்டினார்.

"என்னங்க," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "சாப்டீங்களா?"

டிரைவரின் முகம் கோணியது. மூக்கை உறிஞ்சினார். "இல்லம்மா."

"எனக்குத் தெரியும் நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு. அந்தாளு சொன்னதும் என்ன பேசறதுன்னே தெரியல. அதான் பேசல. சரி, விடுங்க. சீக்கிரம் வாங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

அந்த விநாடியில்தான் நிதானம் 'வெளிக் கருவி'யை மாற்றி 'இந்த போன்' என்று அழுத்தினார். பல் ஆஸ்பத்திரி வாசலில் அசையாமல் நின்றிருந்த பச்சைப் புள்ளி துள்ளி எழுந்து, ஊரைக் குறுக்காகத் தாண்டி, சரியான இடத்தில் வந்து நின்றது. தேன்குரல் பெருமையோடு, அறை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

'இருப்பிடம் கிடைத்துவிட்டது. நீங்கள் இப்போது பெண்கள் அழகு நிலையத்தில் இருக்கிறீர்கள்.'



"யாருங்க அவ?" என்றாள் அக்கா.

டிரைவர் நிதானத்தைப் பார்த்தார். நிதானம் கூரையைப் பார்த்தார்.

"பாஸ்," என்று கிசுகிசுத்தாள் சரவெடி, "பழையபடி டெமோவையே போட்டுடலாமா?"